முப்பத்தெட்டரை

ஐஸ் பாளத்தைக் கிருபாகரன் தலைக்கு மேல் தூக்கி, உப்பளத்துக் கொட்டகையின் சிமென்ட் தரையில் போட்டார். உடையவில்லை. ஒரு மூலை மட்டும் சிதறி ஓடியது.

"தள்ளுங்க சார்" என்றாள் சேர்மத்தாய். உப்பு வாரும் பலகையைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் ஒரே போடு. பாளம் நாலாகப் பிளந்தது. "படிச்ச கைக்கு மீன் ஐஸு மசியாது."

துண்டுகளை வாரி எடுத்துக் கட்டிலில் கிடந்தவளின் அக்குளிலும் கழுத்திலும் அடுக்கினார்கள். லிங்கக்கனி, வயது நாற்பத்தாறு. அரை மணி நேரத்துக்கு முன் உப்புப் பாத்திக்குள் முகம் குப்புற விழுந்தவள். கன்னத்தில் இன்னும் உப்பு ஒட்டியிருந்தது. அவள் மகள் தர்ஷினி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?"

"முப்பத்தொம்பது சார்."

நிமிடத்துக்கு முப்பத்தொன்பது. கிருபாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால். ஆம்புலன்ஸ் வர இன்னும் நாற்பது நிமிடம். வேம்படித்துறை உப்பளத்துக்கு ஒழுங்கான சாலை கிடையாது.

"நீங்க டாக்டர்தான சார்? ஒரு ஊசி போடுங்களேன்" என்றாள் தர்ஷினி.

"நான் மருந்து போடற டாக்டர் இல்லம்மா. மருந்து செய்யற டாக்டர்."

"செஞ்சதுதான் உள்ள கெடக்கே" என்றாள் சேர்மத்தாய்.

 அவள் சொன்னது அப்பட்டமான உண்மை.

ஊசியின் பெயர் 'காவல்'. தயாரித்தது நவகாப்பு லேப்ஸ். வடிவமைத்தது அவர். மூன்று வருடமாகக் கடலோரத்தைக் கரைக்காய்ச்சல் அரித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் ஏறிய ஆறு மணி நேரத்துக்குள் மருந்து உடம்பில் இறங்கினால் ஆள் பிழைப்பான். ஏழாவது மணியில் கொடுத்தால் வீண். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி வருகிறவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் மருந்தை முன்கூட்டியே உடம்புக்குள் ஒளித்து வைக்கும் யோசனை. பிப்ரவரியில் இந்த உப்பளங்களில் நாலாயிரம் பேருக்குப் போட்டார்கள். போடாதவர்களுக்கு அளத்தில் வேலை இல்லை.

மே பிறந்தது. போன வாரம் இரண்டு பெண்கள் விழுந்தார்கள். ஒருத்தி எழவில்லை. அதை விசாரிக்கத்தான் அவர் இன்று காலை சென்னையிலிருந்து வந்திருந்தார். வந்து இறங்கிய இரண்டாவது மணி நேரத்தில் மூன்றாவது ஆள்.

"எட்டி தர்ஷினி... குளுருதுட்டி" என்று முனகினாள் லிங்கக்கனி.

"குளிரட்டும்" என்றார் கிருபாகரன் அவசரமாக. "குளிர்ந்தா நின்னுடும். இன்னும் ஐஸ் வைங்க."

"எது நின்னுரும்? மூச்சா?" சேர்மத்தாயின் குரலில் கேலி பாதி, பயம் பாதி.

"கசிவு."

"புரியும்படி சொல்லுங்க சார். மைனி உடம்புல என்னத்த வச்சிருக்கிய?"

அவர் ஐஸை உடைத்துக்கொண்டே சொன்னார். "சோப்பு எப்படி வேலை செய்யுது தெரியுமா? அதுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். அந்த மாதிரிப் பொருளைத் தண்ணியில ஒரு பக்குவத்துல கலக்கினா, வாலெல்லாம் உள்பக்கம் மறைஞ்சு, தானாவே சின்னச் சின்ன உருண்டையா சுருட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு கடுகுக்குள்ள கோடிக்கணக்கில அடங்கும். நுண்குமிழி. அதுக்குள்ள மருந்தை அடைச்சுடுவோம்."

"சோப்பையா எங்களுக்கு ஏத்துனிய?"

"சோப்பு வகையறா. உடம்புக்குக் கெடுதல் செய்யாதது."

"அதான் பாக்கமே" என்றாள், கட்டிலைக் காட்டி.

"தேங்காய் எண்ணெய் மார்கழியில உறைஞ்சுடும். வெயில்ல வச்சா உருகிடும். இந்தக் குமிழியோட தோலும் அப்படித்தான். உடம்பு சாதாரணமா இருக்கற வரைக்கும் கெட்டியா இருக்கும். முப்பத்தெட்டரை டிகிரி தொட்டா இளகும். மருந்து வெளிய வரும். காய்ச்சல் வந்தது உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிடும்."

தர்ஷினி தலை நிமிர்ந்தாள். "அம்மாவுக்குக் காய்ச்சலே இல்லையே சார்."

"இல்ல. வெயில். மே மாச வெயில்ல ஆறு மணி நேரம் குனிஞ்சு உப்பு வாரினா, காய்ச்சல் இல்லாமலே உடம்பு முப்பத்தெட்டரை தாண்டுது. குமிழிக்கு வித்தியாசம் தெரியாது. தினம் கொஞ்சம் கொஞ்சமா கசியுது. ஒரு நாள் கசிஞ்சது கழிய நாலு நாள் ஆகும். அதுக்குள்ள அடுத்த நாள் கசிவு. அந்த மருந்து அளவு மீறினா இதயத் துடிப்பு இறங்கும்."

"இது முன்னாடியே தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை. ஆனால் சொன்னார். "தெரியும். வேலை செய்யறப்ப பத்து நிமிஷம் ஏறும், நிழலுக்கு வந்தா இறங்கிடும்னு கணக்குப் போட்டோம். அதுக்கு மேல ஏறினா கண்டுபிடிக்கத்தான் வாராவாரம் போன்ல கேக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலாயிரம் பேருக்கும் ஒரு மிஷின் போன் செய்யும். 'உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?' அவர்கள் சொல்வதைக் கேட்டு மிஷினே வகை பிரித்துச் சென்னைக்கு அனுப்பும். 'உடல் வெப்பம் அதிகம்' என்று ஐம்பது பேர் சொன்னால் போதும், திட்டம் தானாக நின்றுவிடும். அதுதான் காப்பு. மூன்று மாதமாகச் சென்னைக்கு வந்த எண்ணிக்கை, பூஜ்யம்.

கிருபாகரன் சேர்மத்தாயைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கும் போன் வருமில்ல? என்ன சொன்ன?"

"சூடுன்னு சொன்னேன்."

அவர் கையிலிருந்த ஐஸ் நழுவியது. "எத்தனை தடவை?"

"வாராவாரந்தான். சூடுன்னா சூடுதான சொல்லணும்? கண்ணு எரியுது, ஒண்ணுக்குப் போனா கடுக்குது. உடம்புச் சூடு. நானு மட்டுமா? நம்ம அளத்துல எல்லாவளும் அதத்தான் சொன்னோம்."

"காய்ச்சல் மாதிரி இருக்குன்னு சொல்லலையா?"

"காய்ச்சல் வந்தா காய்ச்சல்னு சொல்லத் தெரியாதா எங்களுக்கு? நல்ல ஆளு சார் நீங்க. இது சூடு. மோரு குடிச்சா எறங்கிரும்."

"உன் கையைக் குடு."

"எதுக்கு? எனக்கு மாப்பிள்ள இருக்காவ."

கையைப் பிடித்து எண்ணினார். ஐம்பத்திரண்டு. எண்ணி முடித்ததும் அவளையும் ஐஸ் பெட்டிமேல் உட்கார வைத்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

செல்போனை எடுத்துச் சென்னைக்கு அடித்தார். கை ஈரம். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் காலடியில் வைத்தார். மறுமுனையில் மேகலா, நவகாப்பின் நிர்வாக இயக்குநர்.

"மேகலா, ஞாயிறு போன் பதிவெல்லாம் திறங்க. 'சூடு'ன்னு எத்தனை பேர் சொல்லியிருக்காங்க?"

"திறந்துதான் வச்சிருக்கேன் கிருபா. காலையிலேருந்து அதுதான் வேலை." அவள் குரல் நிதானமாக இருந்தது. நிதானம் அதிகமாக இருந்தது. "மிஷின் சரியாத்தான் பிடிச்சிருக்கு. 'உடல் வெப்பம் அதிகம்'னு இருநூத்திப் பன்னண்டு பேர். ஆனா எல்லாத்தையும் மொழி சரிபார்ப்பாளர் ஒருத்தர் 'நலம்'னு திருத்தியிருக்கார். காரணம் எழுதியிருக்கார், படிக்கட்டுமா? 'இது உள்ளூர்ப் பேச்சு வழக்கு. காய்ச்சலைக் குறிக்காது. மிஷினுக்குத் தமிழ் தெரியவில்லை.'"



கிருபாகரனுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் அவருக்கே பயமாக இருந்தது. அவர் அம்மாவும் வெந்தயம் ஊறவைத்தவள்தான். 'சூடு' என்றால் காய்ச்சல் இல்லை என்று எந்தத் தமிழனுக்கும் தெரியும். தமிழ் தெரியாத ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அகராதியைப் பார்த்து வெப்பம் என்றே விட்டிருப்பான். திட்டம் மார்ச்சிலேயே நின்றிருக்கும்.

"அந்த இருநூத்திப் பன்னண்டு பேர் யார் யாருன்னு அனுப்புங்க. உடனே."

"இல்லை."

"இல்லைன்னா?"

"திருத்தம் ஏறின உடனே மூலக் குரல் அழிஞ்சிடும். அந்தரங்க விதி, நாமதான் கையெழுத்துப் போட்டோம். எண்ணிக்கை மட்டும் இருக்கு. பேரெல்லாம் நலமா இருக்கற மூவாயிரத்துச் சொச்சத்தோட கலந்துடுச்சு." சின்ன இடைவெளி. "சரிபார்ப்பாளர் எண் ஏழு. எல்லாரும் வீட்லேருந்து வேலை செய்யற ஒப்பந்த ஆளுங்க. பேரு ஏஜென்சிகிட்ட இருக்கு, மதியத்துக்குள்ள வந்துடும். அறிக்கை தயார். நம்ம குமிழில தப்பு இல்ல, மிஷின்ல தப்பு இல்ல. ஏழாம் நம்பர் தப்பு. போலீஸ் கேஸ் ஆனாலும் அதுதான் நிக்கும். நீங்க வாயைத் திறக்காம திரும்பி வாங்க."

அவர் போனை வெட்டினார். அடுத்த எண்ணை அடித்தார். ராஜசிங், உப்பு உரிமையாளர் கூட்டமைப்பின் செயலாளர்.

"சார், அளத்துல இருக்கற எல்லாரையும் இப்பவே நிழலுக்குக் கூப்பிடுங்க. மணி பதினொன்னரை ஆகப்போகுது. வெயில் உச்சிக்கு வந்தா இன்னும் எத்தனை பேர் விழுவாங்கன்னு தெரியாது."

"பதினேழு அளம் சார். நாலாயிரம் பேரு. வானிலைக்காரன் நாளைக்கு மழைங்கான். இன்னைக்கு வாரலைன்னா விளைஞ்ச உப்பு அம்புட்டும் கரைஞ்சு போகும்." ராஜசிங் கெட்டவரில்லை. கணக்குப் பார்க்கிறவர். "எனக்கு ஒரு பட்டியல் குடுங்க. இன்னின்ன ஆளுக்கு ஆபத்துன்னு பேரச் சொல்லுங்க. அஞ்சு நிமிசத்துல கங்காணிய அனுப்பித் தூக்கிட்டு வாரச் சொல்லுதேன். சும்மா எல்லாரையும் நிறுத்துன்னா, முதலாளிமார் பதினேழு பேரையும் நான் கேக்கணும். சாயங்காலம் ஆயிரும்."

"சாயங்காலம் வெயிலே இருக்காது சார்."

"அதான் பேரு கேக்கேன்."

கிருபாகரன் போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். வெள்ளை வெள்ளையாய்ப் பாத்திகள் அடிவானம் வரை. கண் கூசியது. அதில் புள்ளி புள்ளியாய்க் குனிந்த முதுகுகள். எந்த முதுகு அந்த இருநூற்றில் ஒன்று?

"பேரு நான் சொல்லட்டா சார்?"

தர்ஷினி அம்மாவின் கையை விடாமலே கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குரலை வச்சு." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "போன்ல பேரு வராது, நம்பர்தான் வரும். ஆனா பேசுறது யாருன்னு எனக்குத் தெரியாதா? பால்வாடிலேருந்து கேக்குத குரலு. நூத்தித் தொண்ணூறு பேராவது சொல்லிருவேன். மிச்சம் ஆளுக தெக்கு அளத்துக்காரவிய. அந்தத் தெருவச் சொன்னாப் போதும்."

சேர்மத்தாய் ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்தாள். "எட்டி, என்னட்டி சொல்லுத?"

"ஏழாம் நம்பர் நான்தான் அத்தை."

வெளியே எங்கோ லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"பி.ஏ. தமிழ் முடிச்சிட்டு ஒரு வருசமா சும்மாத்தான இருந்தேன். வீட்ல இருந்தே பாக்கலாம்னாவ. மிஷின் நம்ம பேச்சைத் தப்புத் தப்பா எழுதுது, திருத்தணும்னாவ." அவள் குரல் உடைய ஆரம்பித்தது, ஆனால் நிறுத்தவில்லை. "எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு சார். 'சூடு'க்கு 'அதிக வெப்பம்'னு எழுதி வச்சிருக்கு, கூமுட்ட மிஷின்னு சிரிச்சேன். அம்மாட்ட சொல்லியும் சிரிச்சேன். அம்மாவோடதையும் நான்தான் திருத்துனேன்."

"வாய மூடுட்டி!" சேர்மத்தாய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இப்பதான அந்தப் பொம்பள போன்ல சொன்னா, போலீசுன்னு. ஒண்ணும் பேசாத. நீ ஒண்ணும் சொல்லல, நாங்க ஒண்ணும் கேக்கல. சார், நீங்களும் கேக்கல!"

"அத்தை, பாக்கியம் அக்கா இப்ப அளத்துலதான நிக்கா? உன் நாத்தனா? ரெண்டு பேரும் சூடுன்னு சொன்னவியதான்."

சேர்மத்தாயின் கை தானாகத் தளர்ந்தது.

கிருபாகரன் ராஜசிங்கை மறுபடி அழைத்துப் போனைத் தர்ஷினியின் வாய்க்கு நேரே நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்ட குரல்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கிறவள்போல்.

"எழுதிக்கோங்க. கிழக்கு அளம். பாக்கியம். சண்முகக்கனி. மேலத்தெரு ரோஸ்லின். இருமிக்கிட்டே பேசுவாவல்ல, பட்டுராணி. அவிய மருமவ..."

எழுபது பேர் வந்தபோது வெளியே விசில் ஊதினார்கள். நூற்றிருபது வந்தபோது கூட்டம் கூட்டமாய்ப் பெண்கள் பாத்தி வரப்பில் நடந்து வருவது தெரிந்தது. வரிசையில் ஒருத்தி தள்ளாட, இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். ராஜசிங் பேச்சை மாற்றியிருந்தார்: "நீ சொல்லும்மா. மொதலாளிமார நான் பாத்துக்கிடுதேன். நீ சொல்லு."

ஆம்புலன்ஸ் வந்தபோது தர்ஷினி நூற்றெண்பத்தாறில் இருந்தாள். லிங்கக்கனியின் நாடி நாற்பத்தெட்டு. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் கண் திறந்தாள். "பாதிப் பாத்தி வாராமக் கெடக்கு" என்றாள்.

"கெடக்கட்டும் மைனி. நாளைக்கு மழை வந்து வாரிக்கிடும்" என்றாள் சேர்மத்தாய். அவளையும் அதே வண்டியில் ஏற்றினார்கள். மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டே ஏறினாள்.

இந்தப் பெண்கள் இனி எட்டு மாதம், குமிழி முழுக்கக் கரையும் வரை, வெயிலில் நிற்க முடியாது. அளத்தை விட்டால் வேறு வேலை தெரியாதவர்கள். இதை யார் அவர்களிடம் சொல்வது என்று கிருபாகரன் யோசித்துக்கொண்டிருந்தபோது மேகலாவின் குறுஞ்செய்தி வந்தது. 'ஏழாம் எண் வேம்படித்துறையிலேயே இருக்கிற பெண்ணாம். பெயர் தர்ஷினி. அங்கே இருந்தால் பேசி ஒரு வாக்குமூலம் வாங்கி விடுங்கள்.'

மிச்சப் பெயர்களைச் சொல்வதற்காக தர்ஷினி வண்டியில் ஏறவில்லை; கொட்டகையில் இப்போது அவளும் அவரும் மட்டும். உருகிய ஐஸ் தரையெல்லாம் மீன் நாற்றத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

அதுவரை வராத கோபம் அவருக்கு அப்போது வந்தது. பயம் குறைந்ததால் வந்த கோபம்.

"ஒரு ஆளு சொன்னா பேச்சு வழக்கு. இருநூறு பேர் சொன்னா ஒரு சந்தேகம் வர வேண்டாமா? நேர்ல போய் ஒரு தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்திருக்கலாமே?"

"பாத்தேன் சார்."

"என்ன?"

"சந்தேகம் வந்துச்சு. சந்தேகம்னா பாக்கச் சொல்லி கம்பெனியே ஒரு தெர்மாமீட்டர் குடுத்திருந்தாவ. மார்ச் மாசம், மத்தியானம் அளத்துக்கே போனேன். பதினோரு பேருக்கு வச்சேன். எல்லாருக்கும் முப்பத்தெட்டு பாயிண்ட் எட்டு, முப்பத்தொம்பது, அதுக்கும் மேல. ஆனா எல்லாவளும் நல்லாச் சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்காவ. காய்ச்சல்காரி அப்படியா நிப்பா? தெர்மாமீட்டர்தான் கோளாறுன்னு நெனச்சேன்."

"நினைச்சு அப்படியே விட்டுட்டியா? எங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?" அவர் குரல் கொட்டகைத் தகரத்தில் மோதி எதிரொலித்தது. "பதினோரு ரீடிங்கையும் எழுதி ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தா, பார்த்த நிமிஷம் எங்களுக்குப் புரிஞ்சிருக்கும்!"

"எழுதுனேன் சார்."

"யாருக்கு?"

தர்ஷினி முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி மார்ச்சுக்குப் போனாள்.

"புது தெர்மாமீட்டர் ஒண்ணு மூணாம் நாளே வந்துச்சு. ராத்திரி வீட்ல வச்சு அம்மாவுக்குப் பாத்தேன். முப்பத்தேழு காட்டுச்சு. அப்ப பழசுதான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்புறந்தான் கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் 'நலம்'னு போட்டேன்."

போனை அவரிடம் நீட்டினாள். மேலே அவளுடைய கடிதம். பதினோரு வாசிப்புகளும் வரிசையாக, மணி, இடம் எல்லாம் சுத்தமாக. கீழே இரண்டே வரியில் பதில்.

'கருவி பழுது எனத் தெரிகிறது. புதியது அனுப்பப்படுகிறது. வாசிப்புகளைப் பதிவேற்ற வேண்டாம்.

டாக்டர் கே. கிருபாகரன்.'